லிண்டலுக்கு மேல என்ன குந்திக் கிடக்கு? வீடு கட்டுற ஆக்களின்ட கேள்வியும் பதிலும்

கேள்வி (களுவாஞ்சிக்குடி வாசகி): ஐயா, எங்கட வீடு 6 இஞ்சி சீமெந்துக் கல்லு வீடு, ஓட்டுக்கூரை. ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில உள்ள சுவரை உடைச்சு 8 அடிக்குத் திறந்து விடலாம் எண்டு யோசிக்கிறம். சுவர் 10 அடி உயரம், திறப்பு 7 அடி உயரத்துக்கு வரும். மேசன் சொல்றார் கதவுக்கு மேல குறுக்க போட்ட கொங்கிறீட் மாதிரியே 6க்கு 6 இஞ்சி லிண்டல், அடியில 10 எம்எம் கம்பி ரெண்டு மேல ரெண்டு, அது காணும் எண்டு. கட்டார்ல சைட்டில வேலை செய்யிற தம்பி வட்ஸ்அப்புல கத்துறான், 12 இஞ்சி பீம் இல்லாம கைய வைக்காதீங்க எண்டு. ஆர் சொல்றது சரி?

பதில்: தங்கச்சி, நீங்க எல்லா அளவும் எழுதியிருக்கிறீங்க, ஒண்டை மட்டும் எழுதல்ல, அந்தச் சுவர்ல கூரை குந்திக் கிடக்கா இல்லையா எண்டு. அது தெரியாம மேசனையும் பிழை சொல்ல ஏலாது தம்பியையும் பிழை சொல்ல ஏலாது. நம்மட பக்கம் எல்லாரும் கேக்கிற கேள்வி "8 அடிக்கு எத்தினை கம்பி" எண்டுதான், மேல என்ன நிக்குது எண்டு ஆரும் கேக்கிறதில்ல, ஆனா கணக்கு அங்கதான் தொடங்குது.

முதல்ல சுவரின்ட பாரத்தைப் பாப்பம். ஒரு திறப்புக்கு மேல உயரமான சுவர் இருந்தா அந்தச் சுவர் முழுக்க லிண்டல்ல இறங்காது, கல்லு ஒண்டில ஒண்டு மாறி மாறி ஏறி இருக்கிறதால மேல உள்ள பாரம் ரெண்டு பக்கமும் சரிஞ்சு போய் பக்கச் சுவர்ல இறங்கும், லிண்டலுக்கு வாறது நடுவில மிஞ்சுற ஒரு முக்கோணத்துக்குள்ள உள்ள கல்லு மட்டும்தான். அந்த முக்கோணத்தை பிரிட்டிஷ் முறையில 45 பாகையில கீறுவாங்க, இந்தியப் புத்தகங்கள்ல 60 பாகையில கீறுவாங்க, அதால ரெண்டு பேர் ரெண்டு கணக்கு சொன்னா பயப்பட வேணாம், 60 எண்டா முக்கோணம் உயரம் கூட, பாரமும் கூட, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா இந்த முக்கோணச் சலுகை சும்மா கிடைக்காது. முக்கோணத்தின்ட உச்சி சுவருக்குள்ளேயே முடியணும், அதுக்கு மேலயும் கொஞ்சம் சுவர் இருக்கணும், ரெண்டு பக்கமும் தள்ளுறதைத் தாங்க நல்ல சுவர் இருக்கணும், முக்கோணத்துக்குள்ள வேற யன்னலோ ஏசிக்கு வெட்டின ஓட்டையோ இருக்கக் கூடாது. உங்கட கணக்குக்கு வாங்க. திறப்பு 8 அடி எண்டா 2.4 மீற்றர், ரெண்டு பக்கமும் 9 இஞ்சி சுவர்ல ஏறி இருக்கணும், அப்ப கணக்குக்கு எடுக்கிற நீளம் கிட்டத்தட்ட 2.6 மீற்றர். 45 பாகையில கீறினா உச்சி 1.3 மீற்றர் உயரத்தில வரும். உங்கட லிண்டலுக்கு மேல சுவர் எவ்வளவு? 10 அடியில 7 அடி போக 3 அடி, அதில லிண்டல் உயரத்துக்கு 9 இஞ்சியை (மேசன்ட 6ஐ விடக் கூட்டித்தான் எடுக்கிறன்) கழிச்சா 0.7 மீற்றர்தான் மிச்சம். உச்சி சுவரைத் தாண்டி ஆகாயத்தில நிக்குது. அப்ப முக்கோணம் இல்ல, மேல உள்ள சுவர் முழுசும் லிண்டல்லதான். நம்மட ஊர்ல மாடி இல்லாத வீட்டில அகலமான திறப்பு எடுத்தா அநேகமா இதே கதைதான், முக்கோணம் வேலை செய்யிறது 3 அடிக் கதவுக்கும் மாடி வீட்டுக்கீழ் சுவருக்கும்தான்.

இனி கிலோவுக்கு வருவம். 6 இஞ்சி முழுக்கல்லு, ரெண்டு பக்கமும் பூச்சு, ஒரு சதுர மீற்றர் சுவர் 350 கிலோ எண்டு எடுங்க (பொள் கல்லு எண்டா குறையும், ஆனா எங்க எந்தக் கல்லு வைச்சிருக்கு எண்டு தெரியாட்டி கூடின கணக்கையே எடுக்கிறது நல்லம்). 0.7 மீற்றர் உயரத்துக்கு, லிண்டல்ல ஓடுற ஒவ்வொரு மீற்றருக்கும் 245 கிலோ. லிண்டல் தன்ட சொந்தப் பாரம், 6 இஞ்சி அகலம் 9 இஞ்சி உயரம், மீற்றருக்கு 80 கிலோ. இதை ஆக்கள் மறக்கிறது வழமை, கொங்கிறீட் தன்னையே தானும் தூக்க வேணுமே. கூட்டினா 325 கிலோ.

கூரை இந்தச் சுவர்ல இல்லாட்டி கதை இவ்வளவுதான். கூரை இருந்தா? ஹோல் 12 அடி, குசினி 12 அடி எண்டு வைப்பம், ரெண்டு பக்கமும் பாதிப் பாதி இந்தச் சுவருக்கு வரும், அதாவது 12 அடி அகலக் கூரை, 3.6 மீற்றர். மழையில நனைஞ்ச ஓடு, சிலாகை, கைமரம் எல்லாம் சேத்து சதுர மீற்றருக்கு 90 கிலோ எண்டா லிண்டல் மீற்றருக்கு 325 கிலோ கிட்ட, அதுக்கு மேல ஓடு மாத்த ஏறுற ஆக்கள், அடுக்கி வைக்கிற ஓடு எண்டு சதுர மீற்றருக்கு 75 கிலோ விடணும், அது ஒரு 270. எல்லாம் கூட்டினா 920. பாத்தீங்களா, அதே 8 அடி, அதே சுவர், 325 எங்க 920 எங்க.

வளைக்கிற வலுவைக் கணிக்க ஒரு மீற்றர்ப் பாரத்தை நீளத்தால ரெண்டு தரம் பெருக்கி 8ஆல பிரிக்கணும். கூரை இல்லாட்டி 325ஐ 2.6ஆல ரெண்டு தரம் பெருக்கி 8ஆல பிரிச்சா 275, கூரையோட 777. அலகை விடுங்க, எண்ணை மட்டும் பாருங்க. உங்கட 3 அடிக் கதவு லிண்டலுக்கு இதே 325ஐ வைச்சுக் கணிச்சா 49தான் வரும். மேசன் கதவு லிண்டலைப் பாத்து வந்த ஆள், 3 அடி 8 அடியானா மூண்டு மடங்கு கூட இல்லையே எண்டு நினைக்கிறார், ஆனா நீளம் ரெண்டு தரம் பெருக்குப்படுறதால வளைக்கிற வலு அஞ்சரை மடங்குக்கு மேல போகுது, தொய்வு அதை விடப் பயங்கரம், நீளம் ரெண்டு மடங்கானா தொய்வு 16 மடங்கு. பிறகு பூச்சில வெடிப்பு வந்தா பெயின்ட்காரனுக்குப் பேச்சு.

சரி, முடிவு. பாதுகாப்புக்கு வழமையாக் கூட்டுற பெருக்கத்தோட (சுவர் கூரை மாதிரி அசையாத பாரத்துக்கு 1.4, ஏறி இறங்குற பாரத்துக்கு 1.6) நான் போட்டுப் பாத்தன். கூரை இல்லாட்டி மேசன்ட 6க்கு 6 லிண்டல், அடியில 10 எம்எம் ரெண்டு, உடையாது, தாங்கும், கொஞ்சம் மெல்லிசு எண்டதுதான் குறை. கூரை இருந்தா அதே 6 இஞ்சி உயரம் காணவே காணாது, அடியில எத்தினை கம்பி கூடப் போட்டாலும் மேல் பக்கக் கொங்கிறீட் நசியிற அளவுக்குப் போகுது. அப்ப 9 இஞ்சி உயரம், அடியில 12 எம்எம் ரெண்டு, மேல 10 எம்எம் ரெண்டு, கம்பியைச் சுத்தி 6 எம்எம் வளையம் 5 இஞ்சிக்கு ஒண்டு, கலவை (சீமெந்து, மண், கல்லு) 1க்கு ஒண்டரைக்கு 3, முக்கால் இஞ்சிக் கல்லு. தம்பிட 12 இஞ்சி தேவையில்ல, ஆனா பயந்தது பிழையில்ல. என்னைக் கேட்டா கூரை இல்லாட்டியும் 9 இஞ்சி போடுங்க, கூடுற செலவு ஒரு மூட்டை சீமெந்துக்குள்ளதான்.

கூரை குந்திக் கிடக்கா எண்டு பாக்க சீலிங்குக்கு மேல ஆளை ஏத்துங்க, கீழ நிண்டு ஊகிக்காதீங்க. சுவருக்கு மேல வளை (நெடுக்க கிடக்கிற மரம்) ஓடுதா, கைமரம் அதில ஏறியிருக்கா எண்டு பாக்கணும். அதை விட மோசம் ஒண்டு இருக்கு, சில வீட்டில ஓடாவி முகட்டு வளைக்கு ஒரு மரக்கால் எடுத்து அதை நடுச்சுவர்ல நிப்பாட்டியிருப்பார், அது பரவின பாரம் இல்ல, ஒரே இடத்தில குத்துற பாரம். 600 கிலோ அந்தக் காலில வந்து, அந்தக் கால் உங்கட திறப்புக்கு நடுவில வந்தா, 600ஐ 2.6ஆல பெருக்கி 4ஆல பிரிக்கணும், 390 வருகுது, முழுச் சுவருக்கும் வந்த 275ஐ விடக் கூட. அப்படி ஒரு கால் இருந்தா திறப்பை ஒரு பக்கமா அரக்குங்க, இல்லாட்டி ஓடாவியைக் கூப்பிட்டு அந்தக் காலை வேற இடத்துக்கு மாத்தின பிறகு மேசனைக் கூப்பிடுங்க.

மறுகா லிண்டல் இறங்குற இடம். கூரையோட எண்டா ஒவ்வொரு நுனியிலயும் 1200 கிலோ கிட்ட வருகுது, அது 9 இஞ்சிக்கு 6 இஞ்சி இடத்தில. கையால நுள்ளினா மண்ணாக் கொட்டுற கல்லு எண்டா அதில இதை வைக்க வேணாம், நுனிக்குக் கீழ ரெண்டு வரிக் கல்லை எடுத்துப்போட்டு கொங்கிறீட் திண்டு வாருங்க, திறப்பு மூலையோட முட்டி அந்தப் பக்கம் ஒரு அடிச் சுவர்தான் மிச்சம் எண்டா தூண் போடுங்க. உடைக்கிறதுக்கு முதல் ரெண்டு பக்கமும் கூரைக்கு முட்டுக் குடுக்கணும், சுவருக்குள்ளால குறுக்க மரம் ஓட்டி மேல் சுவரையும் தாங்கணும், லிண்டலை வைச்சு, 7 நாள் நனைச்சு, 14 நாள் முட்டுக்களை எடுக்காம விட்டு, பிறகுதான் கீழ் சுவரில சுத்தியல். முதல்ல உடைச்சுப்போட்டுப் பிறகு லிண்டல் வாக்கிற மேசன் எண்டா அவருக்கு ஒரு பிளேன்டியைக் குடுத்து அனுப்பிவிடுங்க.

கேள்வி (மருதமுனை வாசகர்): அஸ்ஸலாமு அலைக்கும் சேர். புதிசா வீடு கட்டுறம். 5 அடி யன்னலுக்கு லிண்டலோட சேத்து 2 அடி சன்ஷேட்டும் வாத்த. மேல ரெண்டு வரிக் கல்லுதான் வெச்சிரிக்கி. பலகை வேற இடத்துக்குத் தேவை எண்டு மேசன் கழட்டிட்டாரு, இப்ப உள்பக்கமா லிண்டலுக்கு அடியில நூல் மாதிரி வெடிப்பு இரிக்கி. பூசினா மறைஞ்சிரும் எண்டு சொல்றாரு, மெய்யா?

பதில்: வஅலைக்கும் ஸலாம் தம்பி. பூச வேணாம், இந்தப் பக்கத்தை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள அடியில திரும்பவும் முட்டுக் குடுங்க. உங்கட லிண்டல் தொய்யல்ல, கவிழப் பாக்குது. 2 அடி நீட்டி 3 இஞ்சித் தடிப்பில வாத்தா மீற்றருக்கு 108 கிலோ, அதின்ட நடு சுவர் முகத்தில இருந்து ஒரு அடி வெளிய, அதாவது 0.3 மீற்றர், கவிழ்க்கிற வலு 32. பிடிச்சு வைக்கிறது என்ன, லிண்டல் 80 கிலோ, பூசாத ரெண்டு வரிக் கல்லு 120 கிலோ, சுவர் 6 இஞ்சி எண்டதால அதின்ட நடு வெளி முகத்தில இருந்து 3 இஞ்சிதான், 200ஐ 0.075ஆல பெருக்கினா 15. 32க்கு எதிரா 15. அதுக்கு மேல ஒரு ஆள் நுனியில ஏறி நிண்டா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல.

இன்னொண்டையும் பாருங்க, மேல் சுவர் 0.7 மீற்றர் முழுசா எழும்பிப் பூசின பிறகும் 325ஐ 0.075ஆல பெருக்கினா 24தான், அப்பவும் 32ஐ எட்டல்ல. அப்ப ஊரெல்லாம் சன்ஷேட் எப்படி நிக்குது எண்டு கேப்பீங்க. லிண்டலின்ட ரெண்டு நுனியும் பக்கச் சுவருக்குள்ள போய் மேல சுவராலயும் கூரை வளையாலயும் அமத்துப்பட்டிருக்கிறதால, லிண்டல் முறுக்குப்படுறதைத் தாங்கிக்கொண்டு நிக்குது. அதாலதான் வளையங்கள் மூடின வளையமா இருக்கணும், கொக்கி மாதிரி வளைச்சுத் தொங்க விட்டது உதவாது, அதாலதான் புத்தியுள்ள ஆக்கள் லிண்டலை யன்னலோட நிப்பாட்டாம வீட்டைச் சுத்தி ஒரே ஓட்டமாப் போடுறாங்க. உங்கட வீட்டில கூரை ஏறும்வரைக்கும் முட்டு நிக்கட்டும்.

கூடவே ஒரு விஷயத்தை மேசனிட்டக் கேளுங்க, சன்ஷேட் கம்பி மேல போச்சா கீழ போச்சா எண்டு. லிண்டல்ல இழுவை அடியில, சன்ஷேட்டில இழுவை மேல, ஒரே நாள்ல ஒரே ஆள் ரெண்டையும் வாக்கிறதால ரெண்டுக்கும் அடியிலயே கம்பியை விட்டுடுறது நடக்கிற விஷயம், வாக்கேக்க மேல ஏறி மிதிச்சு அமத்தினாலும் அதே கதைதான். மேல் கம்பி லிண்டலுக்குள்ள போய் வளைஞ்சு இறங்கியிருக்கணும். இல்லை எண்டு தெரிஞ்சா மனம் நொந்தாலும் சன்ஷேட்டை உடைச்சுத் திரும்ப வாக்கிறதுதான் வழி, தம்பி, வேற மருந்து எனக்குத் தெரியாது.

கேள்வி (கல்லடி வாசகர்): கடலுக்குக் கிட்ட வீடு. முன் யன்னல் லிண்டல்ல அடிக் கொங்கிறீட் பாளம் பாளமா விழுது, உள்ள கம்பி துருப்பிடிச்சுக் கிடக்கு. சீமெந்து அப்பினா காணுமா?

பதில்: காணாது. இரும்பு துருவானா அதின்ட பருமன் சில மடங்கு கூடும், உள்ள இருந்து வெடிக்க வைக்கும், நீங்க மேல அப்புறதை அது திரும்பவும் தள்ளிவிடும். கம்பியைச் சுரண்டிப் பாருங்க, துரு மேலாலதான் எண்டா தளர்ந்த கொங்கிறீட்டை எல்லாம் கம்பிக்குப் பின்பக்கம் வரைக்கும் கொத்தி எடுத்து, வயர் பிரஷால தேச்சு, துருத் தடுப்புப் பூசி, ரிப்பேர் மோட்டார் (திருத்தத்துக்கு உள்ள சாந்து) போடலாம். 10 எம்எம் கம்பி பென்சில் மாதிரி மெலிஞ்சு கிடந்தா முட்டுக் குடுத்து லிண்டலையே மாத்துங்க. புதிசு வாக்கேக்க கம்பிக்கும் பலகைக்கும் நடுவில ஒண்டரை இஞ்சி (இதைத்தான் கவர் எண்டு சொல்றது) விடணும், கல்லுத் துண்டை வைச்சுச் சமாளிக்காம கொங்கிறீட் கட்டை வைக்கணும், கடல் மண் வேணாம், ஆத்து மண்தான், உவர்த் தண்ணியில கலவை போட வேணாம். கவர் ஒண்டரை இஞ்சி ஆகினா கம்பி மேல எழும்பும், அந்தளவுக்கு லிண்டலின்ட பலம் குறையும், அதால உயரத்தை ஒரு இஞ்சி கூட்டிப்போடுங்க.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர்): பழைய லிண்டல் அப்படியே இருக்க மேல மாடி எடுக்கலாமா? சுவர் 6 இஞ்சிக் கல்லு, 12 அடி அறை.

பதில்: வேணாம். 5 இஞ்சி ஸ்லாப் சதுர மீற்றருக்கு 300 கிலோ, தரை வேலை 100, ஆக்களும் சாமானும் 150, ஆக 550. 12 அடி அறையில பாதி இந்தச் சுவருக்கு எண்டா மீற்றருக்கு 990 கிலோ, ரெண்டு பக்கமும் அறை எண்டா 1980, அதுக்கு மேல மாடிச் சுவர் 1050. கூட்டினா மீற்றருக்கு மூண்டு டன். உங்கட லிண்டல் ஓட்டுக்கு வாத்தது. தூணும் பீமும் போட்டு எடுங்க, அத்திவாரத்தையும் ஒரு இஞ்சினியர் வந்து பாக்கட்டும்.

கேள்வி (வாகரை வாசகர்): கூரை ஓடுகளைக் கழட்டிப்போட்டு சீட் போடப் போறன். பாரம் குறையிறதால லிண்டலுக்கு நல்லதுதானே அண்ணன்?

பதில்: கீழ இறங்குற பாரத்தை மட்டும் பாத்தா நல்லதுதான், சதுர மீற்றருக்கு 90 கிலோ 35 ஆகுது. ஆனா வாகரையில இருந்து கேக்கிறீங்க, 1978 நவம்பர் சூறாவளியில மட்டக்களப்பில கூரை பறந்த கதையை உங்கட வீட்டுப் பெரிய ஆக்களிட்டக் கேட்டிருப்பீங்க. மணிக்கு 160 கிலோமீற்றர் காத்து சதுர மீற்றருக்கு 120 கிலோ அளவில அமத்தும், கூரையில அது அநேகமா இழுவையாத்தான் வரும், அதில 100 கிலோ மேல இழுத்தா சீட்டின்ட 35 போக 65 கிலோ மேல நோக்கி. முதல் கேள்வியில எடுத்த அதே 3.6 மீற்றர் அகலத்துக்கு வளையில மீற்றருக்கு 234 கிலோ மேல தூக்குது. கதவு யன்னல் பிச்சுக்கொண்டு காத்து உள்ள வந்தா இன்னும் கூடும்.

இப்ப வளையைக் கடைசி வரிக் கல்லோட மட்டும் போல்ட் அடிச்சிருந்தா அந்த வரி மீற்றருக்கு 70 கிலோ கூட வராது, கல்லோட சேந்து கூரை போகும். லிண்டல் வரைக்கும் கம்பியை இறக்கினா சுவர் 245, லிண்டல் 80, சேத்து 325 கிலோ நங்கூரமா நிக்குது, 234க்கு அது போதும், ஆனா மிச்சம் விட அதிகமில்ல, அதால அந்தப் பிடியை யன்னலுக்கு நேர மேல மட்டும் போடாம சுவர் அடி வரைக்கும் போற இடங்கள்லயும் 4 அடிக்கு ஒண்டு போடுங்க, அங்க கீழ் சுவரும் சேந்து பிடிக்கும். கைமரத்தை ஆணியில மட்டும் விடாம வளையோட பட்டி போட்டுக் கட்டுங்க. லிண்டல் மேல நோக்கி வளையேக்க இழுவை மேல் பக்கம் வாறதால மேல் கம்பிக்கு 6 எம்எம் போட்டுச் சமாளிக்கிற வேலை வேணாம், 10 எம்எம் ரெண்டு.